காயப்பட்டவரைக் கொண்டு காயம் கட்டின கர்த்தர் – பண்டித ரமாபாய் அம்மையாரின் ஜீவிய சரித்திரம்



தேவமனிதர்களின் சரித்திரம் வருகிற இந்தப் பக்கத்துக்கு இந்த மாதம் என்னை எழுதச் சொன்னார்கள். விசுவாசத்தினால் வரும் சுகம் என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். சுகம் என்றவுடனே நமக்குப் பெரிய பெரிய சுகமளிக்கும் ஊழியர்களின் பெயர்தான் ஞாபகத்துக்கு வரும். நான் எடுத்துக்கொண்டது அப்படிப்பட்ட ஒருவரை அல்ல. இவர் மேடையில் நின்று வியாதியஸ்தரை வரிசையாகக் கூப்பிட்டவர் அல்ல. இவருக்கே காது சரியாகக் கேட்காது. வயது போகப் போக அது இன்னும் மோசமாகத்தான் ஆனது. ஆனாலும் இவருடைய கையின் கீழே நொறுங்கிப்போன எத்தனையோ ஸ்திரீகளின் ஜீவியம் எடுத்துக் கட்டப்பட்டது. அவர்தான் பண்டித ரமாபாய் அம்மையார்.

இவரை ஏன் எடுத்தேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெட்கத்தோடுதான் சொல்லுகிறேன். ஊழியத்துக்கு வந்த புதிதில், வேதாகமக் கல்லூரி டிப்ளமோ கையில் இருக்கிற தைரியத்தில், எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு இருந்தது. எங்கள் ஜெபவீட்டுக்கு ஒரு சகோதரி தன் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். பிள்ளைக்குக் காது கேட்காது. ஒவ்வொரு உபவாச ஜெபத்திலும் எண்ணெய் பூசி ஜெபிப்பேன். ஜெபித்து முடித்ததும் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று கையைத் தட்டுவேன். சபையே பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளை திரும்பாது. மறுபடியும் சத்தமாய்த் தட்டுவேன். ஒரு நாள் அந்தத் தாயிடம், வீட்டில் ஏதோ தடை இருக்கிறது, உங்கள் விசுவாசத்தில்தான் குறை, ஆராய்ந்து பாருங்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிட்டேன். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போகட்டும், விசுவாசம் இல்லாதவர்கள் என்று நானும் விட்டுவிட்டேன். அவர்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டக்கூட இல்லை.

அதற்குப் பிறகு சில மாதம் கழித்து எழுப்புதல் கூட்டத்தில் பேசுவதற்காக ரமாபாய் அம்மையாரின் சரித்திரத்தை எடுத்து வாசித்தேன். 1905ஆம் வருஷத்து எழுப்புதல் மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் தேவன் என்னை ஆரம்பத்திலிருந்தே வாசிக்க வைத்தார்.

ரமாபாய் பிறந்தது 1858ஆம் வருஷம் ஏப்ரல் 23ஆம் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்கிற காட்டில். அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே, பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்களுக்கு சமஸ்கிருதம் சொல்லிக் கொடுப்பது பாவம் என்று நினைத்த காலத்தில், அவர் தன் மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்றுக் கொடுத்தார். அதனால் வந்த எதிர்ப்பில்தான் அவர்கள் காட்டில் குடியேறினார்கள். அந்த அம்மா மகளுக்குக் கற்றுக் கொடுத்தார். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது குடும்பம் மொத்தமும் தீர்த்த யாத்திரை கிளம்பியது. அதற்குப் பிறகு அவர்களுக்கு நிலையான வீடு என்று ஒன்று இல்லை. கோயில் கோயிலாய்ப் போய் புராணம் வாசிப்பார்கள். கேட்கிறவர்கள் கொடுக்கிறதில் பிழைப்பு.

பிறகு பஞ்சம் வந்தது. அப்போது அவர்கள் நம்முடைய சென்னை மாகாணத்துப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்ததெல்லாம் தானமாய், காணிக்கையாய்ப் போய்விட்டது. கூலி வேலை செய்து பழக்கமில்லை, பிச்சை கேட்க வெட்கம். இலையைத் தின்று நாளைக் கடத்தினார்கள். 1874இல் தகப்பனார் போனார். ஒன்றரை மாதத்துக்குள் தாயார் போனார். பிறகு அக்காவும் வியாதியில் போய்விட்டார். பதினாறு வயதில் ரமாபாய்க்கு மிஞ்சினது ஒரே ஒரு அண்ணன், ஸ்ரீநிவாசன்.

அண்ணனும் தங்கையும் தேசத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தார்கள். பஞ்சாப் பக்கம் ஜீலம் ஆற்றங்கரையில் ஒரு குளிர்காலம். போர்த்திக்கொள்ளத் துணி இல்லை. ஆற்று மணலில் பிரேதக்குழி மாதிரி இரண்டு குழி தோண்டி, ஆளுக்கொன்றில் படுத்து, தலை மட்டும் வெளியே இருக்க உடம்பெல்லாம் காய்ந்த மணலால் மூடிக்கொண்டு இராத்திரியைக் கழித்தார்கள். இதை அவரே பிற்காலத்தில் தன் சாட்சியில் எழுதியிருக்கிறார். நான் இந்த இடத்தில் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவ்வளவு தேவர்களையும் சேவித்தவர்கள், அவ்வளவு விரதம் இருந்தவர்கள். விசுவாசத்தில் குறை என்று அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்று யார் சொல்ல முடியும்?

1878இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அந்த ஊர் பண்டிதர்கள் இருபது வயதுப் பெண்ணின் சமஸ்கிருத ஞானத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, பண்டிதை, சரஸ்வதி என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டம் கிடைத்தது, உள்ளே சமாதானம் இல்லை. பழைய நம்பிக்கை பஞ்சத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது. 1880இல் அண்ணனும் இறந்தார். அதே வருஷம் பிபின் பிஹாரி மேதாவி என்கிற வங்காளி வக்கீலை மணந்தார், வேறு ஜாதி. 1881இல் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் காலரா வந்து கணவரையும் கொண்டுபோயிற்று. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இருபத்துமூன்று வயதில் விதவை, கையில் குழந்தை.

ஆனால் அந்தக் கணவர் வீட்டில் ஒரு காரியம் நடந்திருந்தது. அவருடைய புஸ்தகங்களுக்கு நடுவே வங்காளி மொழியில் லூக்கா சுவிசேஷம் ஒன்று ரமாபாயின் கையில் கிடைத்தது. அந்த ஊருக்கு வந்த ஒரு பாப்டிஸ்ட் மிஷனரி ஆதியாகமத்தை விளக்கிச் சொல்லியிருந்தார். கணவருக்கு அது பிடிக்கவில்லை. விதை மட்டும் விழுந்துவிட்டது.

புனாவுக்கு வந்து பெண்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். அந்தக் காலத்து விதவைகளின் நிலைமை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். மொட்டை அடித்து, ஒரு வேளைச் சோறு போட்டு, நல்ல காரியத்துக்கு முன்னால் வராதே என்று மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். பத்து வயதுகூட நிறையாத விதவைகள் உண்டு. இவர்களுக்குப் பெண் டாக்டர்கள் வேண்டும், நானே படித்து டாக்டராகிறேன் என்று தீர்மானித்து 1883இல் மகளோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வான்டேஜ் என்ற ஊரில் கன்னியாஸ்திரீகள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் டாக்டர் படிப்பு நடக்கவில்லை. காரணம், காது. கேட்கும் சக்தி குறைவாய் இருந்தபடியால் அந்தக் கதவு அடைபட்டுப் போயிற்று.

பிரியமானவர்களே, இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ஜனங்களைச் சுகப்படுத்த வேண்டும் என்று சமுத்திரம் கடந்து போன ஒருவருக்குத் தன்னுடைய சரீரக் குறையே தடையாய் நின்றது. நாமாய் இருந்தால் ஆண்டவரே ஏன் என்று கேட்டிருப்போம். அவருக்கு அப்போது இன்னும் ஞானஸ்நானம்கூட ஆகவில்லை.

அந்தக் கன்னியாஸ்திரீகள் அவரை லண்டனில் ஃபுல்ஹாம் என்ற இடத்துக்கு அனுப்பி, அங்கே நடந்த ஒரு இல்லத்தைப் பார்க்க வைத்தார்கள். கெட்ட பெயர் எடுத்து, தெருவில் தள்ளப்பட்ட பெண்களைச் சேர்த்துக் காப்பாற்றுகிற இடம். நம் தேசத்தில் அப்படிப்பட்டவளை நாய்க்குப் போட வேண்டும் என்று சாஸ்திரம் படித்து வளர்ந்தவர் ரமாபாய். இங்கே என்னடா என்றால் நல்ல குடும்பத்துப் பெண்கள் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பணிவிடை செய்கிறார்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு சகோதரி பதிலுக்கு யோவான் 4ஆம் அதிகாரத்தை எடுத்து, சமாரியா ஸ்திரீயை ஆண்டவர் சந்தித்ததைக் காட்டினார். தர்க்கத்திலே பண்டிதர்களை ஜெயித்தவர் அந்தக் கிணற்றடியிலே விழுந்துவிட்டார். ஸ்திரீகளை இப்படி நடத்துகிற ஒருவர் உண்டா! 1883 செப்டம்பர் 29ஆம் தேதி மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

பிறகு செல்டன்ஹாமில் ஒரு பெண்கள் கல்லூரியில் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தார். 1886இல் அமெரிக்கா போனார். உயர்ஜாதி இந்துப் பெண்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதின புஸ்தகம் 1887இல் வெளிவந்தது. அங்குள்ளவர்கள் பத்து வருஷம் உதவி செய்வதாய்ச் சங்கம் வைத்தார்கள். 1889 மார்ச் 11ஆம் தேதி பம்பாயில் சாரதா சதன் என்ற விதவைகள் பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. முதல் மாணவிகளில் ஒருவர் கோதுபாய் என்ற விதவை. பிற்காலத்தில் பெண்களுக்கென்று பல்கலைக்கழகம் ஆரம்பித்த கார்வே அவரைத்தான் 1893இல் மறுமணம் செய்தார். விதவை மறுமணம் என்றால் ஊரே தள்ளி வைக்கிற காலம் அது.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே ஒரு வெறுமை. இதை அவர் மறைக்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்து எட்டு வருஷம் ஆனபிறகுதான், தான் கிறிஸ்தவ மார்க்கத்தைக் கண்டுபிடித்தேனே தவிர அந்த மார்க்கத்துக்கு ஜீவனாகிய கிறிஸ்துவைக் கண்டுபிடிக்கவில்லை என்று உணர்ந்தார். ஹாஸ்லம் என்கிற ஒரு போதகர் தன் சொந்தப் பிரசங்க பீடத்திலேயே இரட்சிக்கப்பட்ட சரித்திரத்தை வாசித்தது அவரை உலுக்கிவிட்டது. 1891இல் தன்னுடைய கிரியை, படிப்பு, பட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இருக்கிறபடியே ஆண்டவரிடத்தில் வந்தார். சமாதானம் அப்போதுதான் வந்தது. அப்பா, அம்மா, அக்கா, அண்ணன், புருஷன் என்று வரிசையாய்ப் பறிகொடுத்த அந்த இருதயத்துக்குக் கர்த்தர் கட்டுப் போட்டது அப்போதுதான் என்று நான் விசுவாசிக்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகுதான் அவர் பஞ்சத்துக்குள்ளே திரும்பிப் போனார்.

இடையிலே ஒரு புயல். பள்ளிக்கூடத்தில் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் தன் அறைக் கதவைத் திறந்து வைத்து ஜெபிப்பார். பிள்ளைகள் தாங்களாகவே வந்து உட்காருவார்கள். 1893இல் பத்திரிகைகளில் கண்டனம் வந்தது, ஆலோசனைக் குழுவில் இருந்த பெரியவர்கள் ராஜினாமா செய்தார்கள், பெற்றோர் தங்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மையார் கதவை மூடவில்லை.

1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் தலைவிரித்து ஆடியது. செய்தி கேட்டதும் பழையதெல்லாம் கண்முன் வந்தது. ஆற்றங்கரையில் குழிக்குள் படுத்த பெண்ணுக்குத்தானே பசி என்றால் என்னவென்று தெரியும்? புறப்பட்டுப் போனார். நிவாரண முகாம்களில் இளம் பெண்களுக்கு நேரிட்ட கொடுமையைப் பார்த்தார். ஒரு பிடி சோற்றுக்காகப் பிள்ளைகளை வாங்குவதற்கும் கெடுப்பதற்கும் ஆட்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எலும்பும் தோலுமாய், புண்ணோடும் பேனோடும் இருந்தவர்களை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார். அந்த முறை ஏறக்குறைய 300 பேர். புனாவில் பிளேக் வந்ததால் அங்கே வைக்க முடியவில்லை. புனாவுக்குக் கிழக்கே கேட்காவ் என்ற ஊரில் பழத்தோட்டம் போடுவதற்காக வாங்கி வைத்திருந்த 100 ஏக்கர் நிலம் இருந்தது. அங்கே குடிசை போட்டார்கள். அதற்குப் பெயர் முக்தி. விடுதலை என்று அர்த்தம். 1900இல் குஜராத் பஞ்சம் வந்தபோது முக்தியின் ஜனத்தொகை 2,000ஐத் தொட்டது.

இத்தனை பேருக்கு எப்படிச் சுகம் வந்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். முதலில் கஞ்சி, குளிப்பு, மருந்து. பிறகு எழுத்து. பிறகு கைத்தொழில்: நெசவு, எண்ணெய்ச் செக்கு, மாட்டுப் பண்ணை, தோட்டம், அச்சகம். பஞ்ச காலத்திலேயே கிணறு தோண்டினார்கள். ஏமாற்றப்பட்டுக் கெட்டுப்போனவர்களுக்கு கிருபா சதன். வயதானவர்களுக்குத் தனி இல்லம். கண் தெரியாதவர்களுக்கு பர்திமேயுவின் பெயரால் ஒரு இல்லம். அங்கே மகள் மனோரமா பிரெயில் எழுத்து சொல்லிக் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள். பர்திமேயு பார்வை அடைந்தவன். அவன் பெயரை வைத்த வீட்டில் பார்வை அடையாத பிள்ளைகள் விரலால் வேதம் வாசித்தார்கள். ஜெபமும் இருந்தது, பிரெயிலும் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று யாரும் விசுவாசத்தைப் பரீட்சை பார்க்கவில்லை.

அம்மா கையால் வைத்தியம், ஆண்டவர் கையால் அற்புதம் என்று அங்கே பிரித்துப் பார்த்ததாய்த் தெரியவில்லை. (மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று நினைக்கிற ஒன்றிரண்டு பேர் நம் சபையிலும் இருக்கிறீர்கள். கோபப்படாதேயுங்கள், பாசத்தில்தான் சொல்லுகிறேன்.)

இனி எழுப்புதலுக்கு வருகிறேன். வேல்ஸ் தேசத்து எழுப்புதல் செய்தி வந்தபோது, 1905 ஜனவரியில் அம்மையார் விசேஷ ஜெபத்துக்கு ஆள் கேட்டார். எழுபது பேர் வந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் தினமும் இரண்டு வேளை கூடினவர்கள் 550 பேர். ஜூன் 29ஆம் தேதி விடியற்காலம் ஒரு பெண்ணின் மேல் ஆவியானவர் பலமாய் இறங்கினார். பக்கத்தில் இருந்தவள் அவள்மேல் நெருப்பு எரிகிறதைக் கண்டு, தண்ணீர் வாளி எடுக்க ஓடினாளாம். ஊற்றப் போகும்போதுதான் அவள் எரியவில்லை என்று தெரிந்ததாம். மறுநாள் மாலை அம்மையார் யோவான் 8ஆம் அதிகாரத்திலிருந்து அமைதியாய்ப் போதித்துக்கொண்டிருந்தபோது பெண்கள் எல்லாரும் ஒருமிக்கச் சத்தமிட்டு ஜெபிக்க ஆரம்பித்தார்கள். பிரசங்கம் நின்றுபோயிற்று. அல்லேலூயா! அமெரிக்காவின் அசுசா தெருவில் எழுப்புதல் பற்றினது 1906 ஏப்ரலில்தான் என்பதை மறவாதேயுங்கள். அம்மையாரோடு ஊழியம் செய்த மின்னி ஏப்ராம்ஸ் அம்மையார் இதைப் பற்றி ஒரு சிறு புஸ்தகம் எழுதி, சிலி தேசத்தில் இருந்த சிநேகிதிக்கு அனுப்பினார். 1909இல் அங்கே வால்பராய்சோ பட்டணத்தில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் உண்டானதற்கு அந்தப் புஸ்தகமும் ஒரு தூண்டுதல்.

அந்த நாட்களில் பெண்கள் மணிக்கணக்காய் அழுதார்கள், பாவங்களை அறிக்கையிட்டார்கள், பிறகு முகம் மாறி, சந்தோஷத்தில் பாடினார்கள். பஞ்சத்திலும் முகாமிலும் அவர்களுக்கு நடந்ததை யாரிடம் சொல்லியிருப்பார்கள்? வருஷக்கணக்காய் உள்ளே அடைத்து வைத்திருந்தது அன்றைக்குத் திறந்தது. சரீரம் ஏற்கெனவே கஞ்சியாலும் மருந்தாலும் தேறிவிட்டது. உள்ளே இருந்த புண்ணை ஆவியானவர் கழுவினார். நூற்றுக்கணக்கான குரல் ஒன்றாய் எழும்பின அந்தச் சத்தத்தில், காது மந்தமான அம்மையாருக்கு எவ்வளவு கேட்டிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

தெய்வீக சுகத்தை நான் விசுவாசிக்கிறேன். இயேசு நேற்றும் இன்றும் மாறாதவர். என் சொந்தக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட எழுப்புதலின் நடுவிலே இருந்த ரமாபாய் அம்மையாருக்குக் காது திறக்கப்படவில்லை. அவருடைய விசுவாசத்தில் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குச் சொல்ல வராத வார்த்தையை அந்த ஏழைச் சகோதரிக்கு மட்டும் எப்படிச் சொன்னேன்?

கடைசிக் காலத்தில் எபிரெயுவும் கிரேக்கும் கற்று, படிக்காத கிராமத்துப் பெண்ணுக்கும் புரிகிற எளிய மராத்தியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்தார். முக்தியின் பெண்களே எழுத்துக் கோர்த்தார்கள், அச்சடித்தார்கள். ஒரு காலத்தில் பசியால் சாகக் கிடந்த கைகள் அவை. 1921இல் மனோரமா நாற்பது வயதில் இறந்தார். தனக்குப் பிறகு ஊழியத்தைத் தாங்குவாள் என்று இருந்த ஒரே மகள். அம்மையார் மொழிபெயர்ப்பை விடவில்லை. கடைசித் திருத்தங்களை முடித்த கையோடு, 1922 ஏப்ரல் 5ஆம் தேதி நித்திரையிலேயே கர்த்தரிடம் போனார். வேதாகமம் 1924இல் வெளிவந்தது.

அந்தச் சரித்திரத்தை வாசித்து முடித்த வாரமே அந்தச் சகோதரி வீட்டுக்குப் போனேன். என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன், தனியாய்ப் போகத் தைரியம் இல்லை. வாசலில் நின்றே மன்னிப்பு கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளையை டாக்டரிடம் காட்டினீர்களா, பள்ளிக்கூடம் போகிறாளா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். அவ்வளவு நாள் ஜெபித்தும் இதைக் கேட்டதில்லை. காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்ப்பதற்கு என் மனைவி கூடவே அலைந்தாள். பாரம் ஏந்தின இரண்டு குடும்பம் மாதாமாதம் செலவுக்குக் கொடுத்தது.

இப்போது அந்தப் பிள்ளை பெரியவளாகிவிட்டாள். தையல் கற்றுக்கொண்டு, வீட்டிலேயே மெஷின் போட்டிருக்கிறாள். நம் பெண்கள் ஐக்கியத்தில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைப்பது அவள்தான். அவளுக்காக இன்றைக்கும் ஜெபிக்கிறோம், அவளும் ஜெபிக்கிறாள். காது இன்னும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கம் முதல் பாயில் உட்கார்ந்து என் உதட்டைப் பார்த்தே பிரசங்கத்தைப் புரிந்துகொள்ளுகிறாள். ஒரு நாள் ஆராதனை முடிந்து வந்து, மைக் உங்கள் வாயை மறைக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சைகையில் காட்டினாள். அன்றிலிருந்து மைக்கை நெஞ்சுக்கு நேரே இறக்கித்தான் பிடிக்கிறேன். பின்வரிசையில் சத்தம் சரியாய் வரவில்லை என்று சில அண்ணன்மார் குறை சொல்லுகிறீர்கள். காரணம் இதுதான். கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.